கண்புரை ஆபரேஷன்: மயக்க டாக்டர் பக்கத்தில் நிற்க வேண்டுமா?

என் தம்பி மனைவி போன் செய்தபோது இரவு ஒன்பதரை இருக்கும். அவளுடைய அப்பாவுக்கு வலது கண்ணில் புரை, மறுவாரம் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள். "அண்ணி, இதில ரெண்டு கட்டம் இருக்கு. ஒண்ணு லோக்கல் மட்டும். இன்னொண்ணு லோக்கல், கூட ஸ்டாண்ட்பை. ரெண்டாவதுக்கு மயக்க டாக்டர் ஃபீஸ் தனியாம். எதுல டிக் போடட்டும்?"

நான் 24 வருஷம் கண் ஆஸ்பத்திரி தியேட்டரில் நர்ஸாக இருந்தவள். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. இந்தப் போனுக்கு இரண்டு மாதம் முன்புதான் என் அம்மாவுக்கும் ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தோம். அவளுக்கு மயக்க டாக்டர் வேண்டாம் என்று முடிவு செய்ததும் நான்தான். அதையே இங்கேயும் சொல்லிவிடுவேன் என்று தம்பி மனைவி எதிர்பார்த்திருப்பாள். நான் சொல்லவில்லை. "உங்கப்பா எத்தனை தலையணை வச்சுப் படுக்குறார்?" என்று கேட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

படிவத்தில் இருக்கும் கேள்வி தலைகீழாக இருக்கிறது என்பதுதான் விஷயம். மயக்க டாக்டர் வேண்டுமா வேண்டாமா என்பது கடைசியில் வர வேண்டிய கேள்வி. கண்ணை எதைக் கொண்டு மரக்கவைக்கப் போகிறார்கள், கை நரம்பில் தூக்க மருந்து ஏதாவது ஏற்றப் போகிறார்களா, படுக்கப்போகிற ஆள் எப்படிப்பட்டவர், இந்த மூன்றும் தெரிந்தால்தான் பக்கத்தில் யார் நிற்க வேண்டும் என்று சொல்ல முடியும். நம் வீடுகளில் எல்லாவற்றையும் 'மயக்கம்' என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகிறோம். கண்புரை ஆபரேஷனில் பெரும்பாலானவர்களுக்கு மயக்கமே கிடையாது. முழித்துக்கொண்டுதான் படுத்திருப்பார்கள்.

சொட்டா, ஊசியா

1884ல் வியன்னாவில் கார்ல் கோல்லர் என்ற இளம் டாக்டர், கொக்கெய்ன் கரைசலைச் சொட்டுவிட்டால் கண் மரத்துப்போகும் என்று கண்டுபிடித்தார். ஆபரேஷன் உலகில் ஓர் இடத்தை மட்டும் மரக்கவைக்கும் வழி பிறந்ததே கண்ணில்தான். ஆனால் அடுத்து வந்த காலத்தின் பெரும்பகுதி ஊசியின் காலம். கண்ணுக்குப் பின்னால் ஊசியை இறக்கி மருந்தை நிரப்பினால் வலியும் தெரியாது, கண்ணும் அசையாது. பழைய ஆபரேஷனில் வெட்டு பெரியது, தையலும் உண்டு, நேரமும் ஆகும். ஊசி இல்லாமல் முடியாது. மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான வெட்டில் ஃபேக்கோ மெஷினால் புரையை உறிஞ்சியெடுக்கும் முறை பரவிய பிறகு, 1990களில் சொட்டு மருந்து மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது கொக்கெய்ன் இல்லை. ப்ரோபராகெய்ன் என்ற மருந்தைச் சில நிமிஷ இடைவெளியில் இரண்டு மூன்று தடவை விடுவார்கள். சில டாக்டர்கள் லிக்னோகெய்ன் ஜெல்லும் வைப்பார்கள். ஆபரேஷன் தொடங்கியதும் கண்ணுக்குள்ளேயே கொஞ்சம் லிக்னோகெய்ன் விடுவதும் உண்டு.

சொட்டு மருந்தில் உடம்புக்குள் போவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இதயத்துக்கு, மூச்சுக்கு, மூளைக்கு இதனால் வரும் ஆபத்து சொல்லும்படியாக இல்லை. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டுமோ என்ற பயமும் கிடையாது. அன்றைக்கே கட்டு இல்லாமல், பார்வையோடு வீட்டுக்குப் போகலாம். ஒரே கண்ணில்தான் பார்வை, அதற்குத்தான் ஆபரேஷன் என்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஊசி போட்டால் மறுநாள் காலையில் கட்டுப் பிரிக்கும்வரை இருட்டுதான்.

இதற்கு ஈடாக, படுத்திருப்பவர் வேலை செய்ய வேண்டும். கண் அசையும், இமை மூடப் பார்க்கும், விளக்கைப் பாருங்கள் என்றால் விளக்கைப் பார்க்க வேண்டும். வலி இருக்காது, ஆனால் அழுத்துவது தெரியும், தண்ணீர் ஓடுவது தெரியும். என் அம்மாவுக்கு 69 வயது. சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, அதைத் தவிர ஒன்றுமில்லை. சொன்னால் கேட்கிற காது, கேட்டால் செய்கிற குணம். அவளுக்கு இது பொருந்தும் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆபரேஷன் நடக்கும்போதே பச்சைத் துணிக்கு அடியிலிருந்து "மயில் கழுத்துக் கலர்ல பட்டுச் சேலை ஆடுற மாதிரி தெரியுதே" என்றாள். மைக்ரோஸ்கோப் வெளிச்சத்தில் பலருக்கும் இப்படிக் கலர் தெரியும். முன்கூட்டிச் சொல்லிவைத்தால் ரசிப்பார்கள், சொல்லாவிட்டால் பயப்படுவார்கள்.

ஊசியில் இரண்டு வகை. ஒன்று கண்ணுக்கு நேர் பின்னால், தசைகள் கூடும் கூம்புக்குள் போவது. இன்னொன்று அந்தக் கூம்புக்கு வெளியே, கண்ணைச் சுற்றி மருந்தைப் பரவவிடுவது. இரண்டாவதுதான் பாதுகாப்பு அதிகம் என்று பெரும்பாலும் அதற்கு மாறிவிட்டார்கள். மருந்தைச் செலுத்திய பிறகு சில நிமிஷம் விரலால் கண்ணை அழுத்தி விடுவோம். நான் அழுத்தாத கண் இந்த ஜில்லாவில் குறைவு. புரை பழுத்துக் கல்லாகிவிட்டவர்களுக்கு, ஃபேக்கோ இல்லாமல் கையாலேயே சின்ன வெட்டில் முழுப் புரையையும் எடுக்கும் ஆபரேஷனுக்கு, ஊசிதான் இன்றைக்கும் வழக்கம். இலவச முகாமிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிற பாட்டிகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

ஊசியில் கெட்டது நடப்பது அபூர்வம், நடந்தால் பெரிது. ஊசி கண்ணையே குத்திவிடலாம். பின்னால் ரத்தக்குழாயில் பட்டு ரத்தம் கட்டலாம். எல்லாவற்றையும் விட நான் பயப்படுவது ஒன்று உண்டு. கண் நரம்பைச் சுற்றியிருக்கும் உறை நேராக மூளையோடு தொடர்புடையது. மருந்து அதற்குள் போய்விட்டால் சில நிமிஷங்களில் பேச்சு குழறும், கண் சொருகும், மூச்சு நிற்கும். 1987ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கண்ணுக்குப் பின்னால் போடும் 6,000 ஊசிகளில் 16 பேருக்கு மருந்து இப்படி மூளைப் பக்கம் போயிருந்தது. அவர்களில் சிலருக்கு மூச்சே நின்றது. பக்கத்தில் ஆம்பு பையை, அதாவது கையால் அழுத்தி மூச்சுக் காற்று கொடுக்கும் பையை, அழுத்தத் தெரிந்தவர் இருந்தால் மருந்தின் வேகம் குறைந்ததும் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அதனால்தான் ஊசி போடுவதற்கு முன்பே கையில் வென்ஃப்ளான், அதாவது நரம்பில் மருந்து ஏற்றும் சின்னக் குழாய், குத்திவைக்க வேண்டும் என்பது. வெறும் சொட்டு மருந்துக்கு அது கட்டாயமில்லை.

இங்கே வீட்டார் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது, கேட்பவர் யாருமில்லை. லென்ஸ் பவர் பார்க்க ஸ்கேன் எடுப்பார்களே, அதில் கண்ணின் நீளமும் பதிவாகும். சாதாரணமாக 23, 24 மில்லிமீட்டருக்குள் இருக்கும். சின்ன வயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர்களுக்கு 26ஐத் தாண்டும். நீளமான கண்ணில் கூர் ஊசி குத்திவிடும் வாய்ப்பு கூடுதல். அப்படிப்பட்டவருக்கு ஊசி என்று சொன்னால், "வேற வழி இருக்கா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். இருக்கிறது. வெள்ளை விழியின் மேல்தோலில் சின்னதாக ஒரு வெட்டு, அதன் வழியாக முனை மழுங்கிய வளைந்த குழாயால் மருந்து. கண்ணைச் சுற்றியிருக்கும் டெனான் என்ற மெல்லிய உறைக்கு அடியில் விடுவதால் சப்-டெனான் என்பார்கள். கூர் முனை பின்பக்கம் போகவே போகாது. கண் சிவந்து பார்க்க அசிங்கமாக இருக்கும், ஒரு வாரத்தில் போய்விடும். பிரிட்டனில் இதற்குத்தான் மரியாதை அதிகம். நம் பக்கம் ஊசிப் பழக்கம் இன்னும் விடவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

'கொஞ்சம் தூங்கவச்சிடுங்க'

வீட்டார் அதிகம் கேட்பது இது. "அப்பா பயந்த சுபாவம் டாக்டர், கொஞ்சம் தூங்கவச்சிடுங்க." கேட்கிறவர்களுக்கு இது கருணையாகத் தெரிகிறது. நான் பார்த்த சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்தக் கருணையில் தொடங்கியவை.

தூக்க மருந்து என்றால் பெரும்பாலும் மிடாசோலம். ஒரு மில்லிகிராம் போட்டால் நாற்பது வயதுக்காரர் கொஞ்சம் அசந்து, பேசிக்கொண்டே இருப்பார். எண்பது வயதுக்காரருக்கு அதுவே குறட்டை. குறட்டை விட்டால் தலை ஆடும். தலை ஆடினால் கண் ஆடும், கண்ணுக்குள் கருவி இருக்கிறது. அதைவிட மோசம், தூங்கிக்கொண்டிருந்தவர் பாதியில் திடுக்கிட்டு விழிப்பது. முகத்தின் மேல் துணி, கண்ணில் வெளிச்சம், எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. கையை எடுத்து முகத்தைத் துடைக்கப் பார்ப்பார். முழுசாக விழித்திருப்பவர் சொல்பேச்சு கேட்பார், முழுசாக மயங்கியவர் அசைய மாட்டார். நடுவில் இருக்கிறவர்தான் யாருக்கும் அடங்காதவர்.

ஒன்று நேரில் பார்த்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். எழுபதைத் தாண்டிய ஒரு தாத்தா. தூக்கம் வரவில்லை என்று முதல் நாள் இரவு வார்டில் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். காலையில் பதற்றமாக இருக்கிறார் என்று இன்னொன்று. தியேட்டரில் டாக்டர், "கொஞ்சம் அசைறார் சிஸ்டர், ஒரு மில்லி போடுங்க" என்றார். மூன்றையும் ஒரே இடத்தில் எழுதிப் பார்த்தவர் யாருமில்லை, நான் உட்பட. மயக்க டாக்டர் அன்றைக்கு இல்லை. விரலில் மாட்டிய கிளிப்பிலிருந்து வரும் சத்தம், ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க இறங்கச் சுருதி இறங்கும். மானிட்டரைப் பார்க்காமலே காதால் தெரியும். அன்றைக்கு அது 'டிங், டிங்' என்பதிலிருந்து 'டொங், டொங்' என்று இறங்கியது. நிமிர்ந்து பார்த்தால் 82. துணியைத் தூக்கிவிட்டுத் தாடையை முன்னால் இழுத்துப் பிடித்தேன். ஒரு பெரிய மூச்சு இழுத்தார், எண் ஏறியது. டாக்டர் அதுவரை கருவியை எடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. மைக்ரோஸ்கோப்பில் அவருக்குத் தெரிவது ஒரு கருவிழி மட்டும். மூக்கு, வாய், நெஞ்சு எல்லாம் துணிக்கு அடியில். அந்த ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. தாத்தா மத்தியானம் இட்லி சாப்பிட்டார். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

என் தீர்மானம் இதுதான்: நரம்பில் தூக்க மருந்து ஏறும் என்றால், ஆபரேஷனில் கை வைக்காத, வேறு வேலை எதுவும் இல்லாத ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும். அவர் மயக்க டாக்டராக இருப்பதே சரி. சர்ஜன் ஒரு கண்ணில் கருவியை வைத்துக்கொண்டு மறுபக்கம் மிடாசோலத்தின் அளவையும் சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. பல இடங்களில் நடக்கிறது, பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அது வேறு கதை.

யார் நிற்பது

இனி அந்தக் கட்டங்களுக்கு வருவோம். நடைமுறையில் நான்கு நிலை உண்டு. அறையில் மயக்க டாக்டர் இல்லை, பயிற்சி பெற்ற நர்ஸ் நாடி, ஆக்சிஜன், பிரஷர் பார்ப்பார் என்பது முதல் நிலை. கட்டடத்தில் இருக்கிறார், கூப்பிட்டால் வருவார் என்பது இரண்டாவது. அறையிலேயே தலைமாட்டில் நிற்பார் என்பது மூன்றாவது. நான்காவது முழு மயக்கம். அது குழந்தைகளுக்கும், சொன்னால் புரிந்துகொள்ள முடியாத அளவுக்கு மறதி நோய் முற்றியவர்களுக்கும், உடம்பு ஆடுவதை நிறுத்த முடியாதவர்களுக்கும்தான். அங்கே விவாதமே இல்லை. வயதான இதயத்துக்கு முழு மயக்கம் கொடுப்பதே தனி ஆபத்து என்பதால், பயம் மட்டும் காரணம் என்றால் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.

சிக்கல் இரண்டாவதில்தான். 'ஸ்டாண்ட்பை' என்று படிவத்தில் எழுதியிருப்பது சில இடங்களில் இரண்டாவது நிலையைக் குறிக்கும், சில இடங்களில் மூன்றாவதை. ஃபீஸ் ஒன்றாகவே இருக்கலாம். மாடியில் பிரசவ அறையில் இருப்பவர் கூப்பிட்டால் எத்தனை நிமிஷத்தில் வருவார்? கேட்டுத் தெரிந்துகொள்வது மரியாதைக் குறைவு இல்லை. இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் ஒரே மயக்க டாக்டர் சிசேரியனுக்கும் ஓட வேண்டும், விபத்துக் கேஸுக்கும் ஓட வேண்டும். அவரைக் கொண்டுவந்து, சொட்டு மருந்தில் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் எழுந்துபோகிறவர்கள் தலைமாட்டில் காலை முழுக்க நிறுத்திவைப்பது எனக்கு வீணாகத்தான் படுகிறது.

இந்த விஷயத்தில் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி. பிரிட்டனில் மயக்க டாக்டர்கள் கல்லூரியும் கண் டாக்டர்கள் கல்லூரியும் 2012ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியில், தூக்க மருந்து இல்லாமல் சொட்டு அல்லது சப்-டெனான் என்றால் மயக்க டாக்டர் அறையில் இருந்தே தீர வேண்டியதில்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவில் நேர் எதிர். அங்கே கண்புரை ஆபரேஷன்களில் மிகப் பெரும்பாலானவற்றில் மயக்கத்துக்கென்று தனி ஆள் உண்டு. ஆனால் அந்த ஆள் டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, மயக்கத்துக்கென்றே படித்த நர்ஸாகவும் இருக்கலாம். அவர்களை ஒரு டாக்டர் மேற்பார்க்க வேண்டும் என்ற மத்திய விதியிலிருந்து மாநிலங்கள் விலகிக்கொள்ளலாம் என்று 2001ல் வழிவிட்டார்கள், முதலில் விலகியது அயோவா. 2018 தொடக்கத்தில் ஆந்தம் என்ற பெரிய இன்சூரன்ஸ் நிறுவனம், பெரும்பாலான கண்புரை நோயாளிகளுக்கு மயக்க டாக்டரோ மயக்க நர்ஸோ அவசியமில்லை, அதற்குப் பணம் தரத் தேவையில்லை என்ற தோரணையில் ஒரு வழிகாட்டி போட்டது. கண் டாக்டர்களும் மயக்க டாக்டர்களும் சேர்ந்து கொதித்துவிட்டார்கள். ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸ் மேஜையிலிருந்து இதை முடிவு செய்வது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி தப்பு என்று சொல்லவும் வாய் வரவில்லை.

மயக்க டாக்டர் வேண்டும் என்பவர்கள் எடுத்துக்காட்டும் ஆய்வு 1999ல் வந்தது. வரிசையாக 1,006 கண்புரை ஆபரேஷன்களைப் பார்த்தார்கள். மயக்கப் பிரிவைச் சேர்ந்தவர் தலையிட வேண்டி வந்தது 37 சதவீதத்துக்கும் மேல். மூன்றில் ஒருவருக்கு மேல்! கேட்டவுடன் தூக்கிவாரிப்போடும். ஆனால் தலையிட்டது என்று அவர்கள் கணக்கெடுத்ததில் பிரஷருக்கு மருந்து கொடுத்ததும் உண்டு, "பயப்படாதீங்க" என்று பேசிக் கையைப் பிடித்துக்கொண்டதும் உண்டு. கையைப் பிடிக்க மயக்கவியல் பட்டம் வேண்டாம். இருந்தாலும் அந்த ஆய்வில் ஒதுக்கித் தள்ள முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. யாருக்குத் தலையிட வேண்டிவரும் என்று முன்கூட்டிக் கணிப்பது கஷ்டமாக இருந்தது.

அடுத்த வருஷம், 2000ல், 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு அதிகம் உதவியது. 19,000க்கும் மேற்பட்ட கண்புரை ஆபரேஷன்கள். ஒரு பாதிக்கு ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் வழக்கமாக எடுத்தார்கள், மறு பாதிக்கு உடம்பில் தேவை தெரிந்தால் மட்டும். பிரஷர், நாடி என்று வந்த பிரச்சினைகள் இரண்டு பக்கமும் ஒரே அளவு, 1,000 ஆபரேஷனுக்கு 31 சொச்சம். 'ஃபிட்னஸ் வாங்கிட்டு வாங்க' என்று நாம் ஜனங்களை லேபுக்கும் இதய டாக்டருக்கும் அலையவிடுகிறோமே, அந்தத் தாள்கள் ஒரு கை அகலத்துக்கு இருந்தாலும் மேஜையில் நடக்கப்போவதைச் சொல்வதில்லை. "ராத்திரி எப்படிப் படுப்பீங்க, இருமல் இருக்கா, காலையில மாத்திரை போட்டீங்களா" என்ற மூன்று கேள்வி நிறையச் சொல்லும்.

தம்பி மனைவியின் அப்பா

அதனால்தான் தலையணைக் கணக்கு கேட்டேன். அவருக்கு 78 வயது. போக்குவரத்துக் கழக டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். நான்கு வருஷத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. காது மந்தம். இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம். புரை பழுப்பேறிக் கெட்டிப்பட்டிருக்கிறது, கையால்தான் எடுப்போம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்போதே சொட்டு மருந்து மட்டும் என்பது அடிபட்டுப்போனது.

மறுநாள் காலையில் அவரைக் கட்டிலில் ஒரே தலையணையில் மல்லாக்கப் படுக்கவைத்து, முகத்தின் மேல் ஒரு மெல்லிய துண்டைக் கூடாரம் மாதிரி பிடித்துக்கொண்டு, 20 நிமிஷம் கடிகாரம் பார்க்கச் சொன்னேன். காசு இல்லாத டெஸ்ட், யாரும் வீட்டிலேயே செய்யலாம். பன்னிரண்டாவது நிமிஷத்தில் இருமல் வந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். "மூச்சு முட்டுதும்மா" என்றாராம்.

இப்போது இரண்டாவது கட்டத்தில் டிக் போடச் சொன்னேன். கூடவே மூன்று விஷயம் கேட்டுவரச் சொன்னேன். ஸ்டாண்ட்பை என்றால் அறையிலா, மாடியிலா? கூர் ஊசிக்குப் பதில் சப்-டெனான் செய்வார்களா? தூக்க மருந்து இல்லாமல் முடியுமா? மூன்றாவதைக் கேட்டதும் அவளுக்குக் குழப்பம். "தூங்கவைக்கத்தானே அண்ணி மயக்க டாக்டர்?" இல்லை. மூச்சு முட்டுகிறவரைத் தூங்கவைத்தால் மூச்சு இன்னும் மோசமாகும். மயக்க டாக்டர் அங்கே நிற்பது, எதையும் கொடுக்காமல் சமாளிக்கத் தெரிந்தவர் என்பதற்காக. இன்னொன்றும் சொன்னேன்: ஸ்டென்டுக்குச் சாப்பிடும் ரத்தம் உறையாத மாத்திரையை யார் சொன்னாலும் தானாக நிறுத்த வேண்டாம், இதய டாக்டர் வாயால் கேட்காமல் நிறுத்தக் கூடாது. கண்புரைக்கு அதைப் பெரும்பாலும் நிறுத்துவதே இல்லை.

ஆபரேஷன் அன்று நானும் போனேன், வெளியில்தான் உட்கார்ந்திருந்தேன். கண் பாப்பாவைப் பெரிதாக்கும் சொட்டு மருந்து விட்டபோது பிரஷர் 190. 'வெறும் வயிற்றோடு வாங்க' என்று கவுண்டரில் சொன்னதைக் கேட்டு, காலை பிரஷர் மாத்திரையையும் விழுங்காமல் வந்திருக்கிறார். முழு மயக்கத்துக்குத்தான் ஆறு மணி நேரப் பட்டினி. தூக்க மருந்தும் இல்லாத ஆபரேஷனுக்கு ஏன் பட்டினி போடுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சர்க்கரைக்காரர்கள் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்து, மேஜையில் வியர்த்துக் கொட்டுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். போதாததற்கு அந்தச் சொட்டு மருந்தில் ஃபெனிலெஃப்ரின் கலந்திருக்கும், அதுவும் பிரஷரை ஏற்றும். இதயக்காரர்களுக்கு அது கலக்காத ட்ராபிகமைட் மட்டும் விடலாம். அங்கே யாரும் யோசிக்கவில்லை. யோசித்தவர் மயக்க டாக்டர்தான். சின்னப் பெண், முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். சொட்டு மருந்தை மாற்றச் சொல்லி, மாத்திரையைக் கொஞ்சம் தண்ணீரோடு கொடுத்து, "ஐயா, அவசரமே இல்ல. அடுத்தவங்களை முதல்ல முடிச்சிடுறோம்" என்று அவர் காதருகில் குனிந்து சொல்லிவிட்டுப் போனார். ஒன்றரை மணி நேரம் கழித்து உள்ளே கூட்டிப்போனார்கள். மேஜையில் ஏற்றுவதற்கு முன் இன்னொரு முறை பாத்ரூம் போய்வரச் சொன்னார். அனுபவம் உள்ளவர் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மேஜையில் நெளிகிறவர்களில் பாதிப் பேருக்கு வலி இல்லை, சிறுநீர்தான்.

தோளுக்கு அடியில் ஒரு தலையணை, மேஜையின் தலைப்பக்கம் கொஞ்சம் உயரம், மூக்குக்கருகில் காற்று. இடது காதில் மெஷினைக் கழற்றாமல் விட்டிருக்கிறார்கள். 25 நிமிஷம். நரம்பில் ஒரு சொட்டு மருந்தும் ஏறவில்லை. பில்லில் மயக்க டாக்டர் ஃபீஸ் தனி வரியாக இருந்தது. "மயக்கமே கொடுக்கலையே அண்ணி, எதுக்கு இது?" என்று தம்பி மனைவி கேட்டாள். ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போட்டாரே, அதற்கு என்றேன்.

அம்மாவுக்கு அதே ஃபீஸைக் கட்டியிருந்தால் அது தண்டம்தான். அவளுக்கு வேண்டியிருந்தது, துணிக்கு அடியில் கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள். பழைய சிநேகிதத்தில் அந்த இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார்கள். வலித்தால் ஓர் அழுத்து, இருமல் வந்தால் இரண்டு என்று பேசிவைத்திருந்தோம். அவள் ஒருமுறைகூட அழுத்தவில்லை, ஆனால் கையை விடவும் இல்லை.

அம்மாவுக்கு இப்போது அடுத்த கண். முதல் கண்ணுக்குச் செய்ததையே செய்துவிடலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இரண்டாவது கண்ணில் வலி கூடுதலாகத் தெரிந்தது என்று சொல்பவர்கள் நிறைய உண்டு. முதல் தடவை பயத்தில் கவனிக்காததை இரண்டாம் தடவை கவனிக்கிறார்கள் போல. அம்மா விஷயத்தில் என் கவலை அது இல்லை. கார்த்திகை மழையில் நனைந்ததிலிருந்து அவளுக்கு வறட்டு இருமல். ஊசிக்கு மாறலாமா என்று தம்பி கேட்டான். ஊசி கண்ணைத்தான் கட்டிப்போடும், இருமும்போது தலை ஆடுவதை அது நிறுத்தாது. மயக்க டாக்டரை நிறுத்தினாலும் இருமல் இருமல்தான். பொங்கல் கழியட்டும், இருமல் நின்ற பிறகு தேதி வாங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.